ரத்தத்தில் பதியும் குழந்தைப் பருவம்

சிறு வயதில் வாங்கிய அடியும் கேட்ட ஏச்சும் மனதைத்தான் வாட்டும் என்று நினைக்கிறோம். நடுவயதில் வரும் மாரடைப்பை அதோடு சேர்த்துப் பேசினால், மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதாகத் தோன்றும். அமெரிக்காவின் சான் டியாகோவில் ஆயிரக்கணக்கானோரிடம் நடந்த ஆய்வு 1998-இல் வெளியானது. குழந்தைப் பருவத்தில் நான்கு வகைத் துன்பங்களாவது பட்டவர்களுக்கு இதய நோய் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு என்றது அது. ஆனால் அது நினைவை நம்பிய கணக்கு. நோயாளி பழைய துயரத்தைப் பெரிதாக்கிச் சொல்லலாமே? நியாயமான கேள்வி.

இதற்கு விடை நியூசிலாந்தின் டனீடின் நகரிலிருந்து வந்தது. அங்கே 1972-73-இல் பிறந்த 1,037 பேரைச் சிறு வயதிலிருந்தே கவனித்து வருகிறார்கள். தாய் காட்டிய வெறுப்பு, பெற்றோரின் கடும் தண்டனை எல்லாம் அந்தந்தக் காலத்திலேயே பதிவாயின. 32 வயதில் ரத்தத்தைச் சோதித்தபோது, கொடுமைக்கு ஆளானவர்களில் கூடுதலானோருக்கு அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதம் உயர்ந்திருந்தது. தணியாத அழற்சி ரத்தக் குழாய்களைக் கெடுக்கும். இன்சுலினின் வேலையையும் தடுக்கும். வறுமையும் புகையும்தானே காரணம் என்பார்கள். அவற்றைக் கழித்த பின்னும் தொடர்பு நின்றது. சொல்லப்போனால், புகையைக் கழிப்பதே சற்று அநியாயம். துயரை ஆற்றத்தான் ஒருவர் சிகரெட்டைத் தொட்டார் என்றால், அதுவும் அந்த அடி போட்ட பாதைதான். அடிபட்ட எல்லோருக்கும் நோய் வருமா? வராது. வாய்ப்பு கூடுகிறது, அவ்வளவே. ஆனால் கொழுப்பையும் ரத்த அழுத்தத்தையும்கூட நாம் அஞ்சுவது அந்த அளவில்தான்.