சருமப் பராமரிப்புத் தொழிலிற் புகுவோர்

சீகிரியாக் குன்றிலே, காசியப்ப மன்னன் காலமாகிய 5ஆம் நூற்றாண்டில் தீட்டப்பட்ட மாதர் இன்றும் பூவேந்தி நிற்கின்றனர். அவர்களுட் பொன்னிறத்தாரும் உளர், கருநிறத்தாரும் உளர். இரு சாராருக்கும் ஓவியன் ஒரே அக்கறையோடு அணி பூட்டியிருக்கிறான். அக்குன்று இருப்பது மாத்தளை மாவட்டத்தில். அதே மாவட்டத்தில், மாத்தளை நகரிலோ தம்புள்ளையிலோ ஓர் அழகு நிலையத்தில் வேலைக்குச் சேரும் இளம் பெண்ணை நோக்கி முதல் வாரத்திலேயே எழக்கூடிய கேள்வி, "தங்கச்சி, கல்யாணத்துக்கு முன்ன வெள்ளையாக்க ஏலுமா?" என்பதே.

அவள் கூறும் மறுமொழியைப் பொறுத்தே அவளது தொழில் அமையும். விரைவில் வெளுக்கச் செய்யும் கிறீம்கள் சிலவற்றில் பாதரச உப்புக்கள் கலந்திருக்கின்றன. தோலுக்கு நிறந்தரும் மெலனின் உண்டாகாதபடி அவை தடுக்கின்றன. உடலிற் சேர்ந்து சிறுநீரகத்தையும் கெடுக்கின்றன. வேறு சிலவற்றில் ஸ்டீரொயிட் மருந்து இருக்கும். முதலில் முகம் பளபளக்கும். பின்னர் தோல் மெலிந்து சிவக்கும். பூச்சை நிறுத்தினாலோ முன்னிலும் மோசமாகும். பாதரசம் சேர்த்த அழகுப் பொருள்களின் உற்பத்தியையும் வணிகத்தையும் 2025க்குள் நிறுத்துவதென்று மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023இல் முடிவு செய்தன. ஆயினும், தயாரித்தவர் பெயரும் உட்பொருள் விவரமும் இல்லாத டப்பாக்கள் கடைகளுக்கு வந்தவண்ணமே இருக்கின்றன. அவற்றைத் தொடாதவளுக்குச் சில வாடிக்கையாளர் கைநழுவிப் போவர் என்பது மெய்தான். அந்த நட்டத்தை முதல் ஆண்டிலேயே ஏற்றுக்கொள்வது நல்லது.

இனி, மாத்தளையில் தொழில் செய்பவள் சிறப்பாக அறிய வேண்டியது ஒன்றுண்டு. லீஷ்மேனியாசிஸ் என்னும் தோல் நோய் காணப்படும் மாவட்டங்களுள் இதுவும் ஒன்று. நுளம்பினும் சிறிய மணல் ஈ கடிப்பதால் அது பரவுகிறது. கன்னத்திலோ மூக்கிலோ கையிலோ ஒரு சிறு தடிப்பு எழும். வலியுமில்லை, பெரும்பாலும் அரிப்புமில்லை. பருவென்று கருதி அதை நசுக்கவும் ஆவி பிடிக்கவும் கேட்டு வருவோர் இருப்பர். வாரக்கணக்காக ஆறாத தடிப்பு எதிலும் கை வைக்கலாகாது. "அக்கா, இதை ஒருக்கா தோல் கிளினிக்கில காட்டிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்புவதே முறை. அரசாங்க வைத்தியசாலையில் அதற்கு இலவசச் சிகிச்சை உண்டு. உணர்ச்சியற்ற வெளிறிய தேமலைக் கண்டாலும் அவ்வாறே செய்யவேண்டும். அது தொழுநோயாக இருக்கலாம். காலத்தே கண்டால் மாத்திரைகளால் முற்றாகக் குணமாகும் நோய் அது.

வாசனைத் திரவியங்களுக்குப் பேர்போன ஊராகையால், தோட்டத்துச் சரக்கெல்லாம் தோலுக்கு நல்லதென்று எண்ணுவோர் பலர். கறுவா எண்ணெய் முகத்தை எரிக்கும். தேசிக்காய்ச் சாறு பூசி வெயிலிற் சென்றாற் கொப்புளமும் கருமையும் காணும். எப்பூச்சாயினும் முதலில் முழங்கையின் உட்புறத்திற் சிறிது தடவி, இரண்டு நாட் பொறுத்துப் பார்க்கவேண்டும். கல்யாண வாரத்திலே புதிய பூச்சு எதையும் மணமகளின் முகத்திற் சோதிப்பது மடமை.

பயிற்சியைப் பொறுத்தவரை, தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெறுவது நன்று. வெளிநாட்டு வேலை தேடுவோர்க்கும் அது துணைபுரியும். ஆனால் சான்றிதழ் பெற்ற கையோடு கடன்பட்டுக் கடை திறக்க வேண்டியதில்லை. ஓரிரு ஆண்டுகள் அனுபவமுள்ள ஒருவரிடம் வேலை பார்த்தால், ஆளுக்கொரு நூல், ஆளுக்கொரு பிளேட், கொதிநீரில் அவித்த துவாய் என்னும் ஒழுங்கு கையோடு படிந்துவிடும். ஒரு கொப்பியும் வேண்டும். யாருக்கு, எந்த நாளில், எது பூசப்பட்டது, எது ஒத்துவரவில்லை என்று அதிற் குறித்து வைத்தால், ஆறு மாதங் கழித்து அதே பெண் தன் தங்கையையும் அழைத்துக்கொண்டு வரும்போது ஏட்டைப் புரட்டிப் பார்க்கலாம்.