பரிசோதிக்கும் கைக்கு வலு சேர்த்திடுங்கள்



இன்று ஜூன் 7. உலக உணவுப் பாதுகாப்பு நாள். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2018 டிசம்பரில் தீர்மானம் நிறைவேற்றி, 2019 முதல் உலகமே கடைப்பிடித்து வருகிற நாள். இந்த மேடையில் நம் உணவின் பெருமையை மணிக்கணக்கில் பேசலாம். நான் பேச வந்தது பணத்தைப் பற்றி. நாம் சாப்பிடுகிற கடையைச் சோதிக்க வேண்டிய அரசுத் துறைக்குப் போய்ச் சேர வேண்டிய பணத்தைப் பற்றி.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. கெட்டுப்போன, மாசுபட்ட உணவால் ஆண்டுதோறும் 60 கோடிப் பேர் நோயில் விழுகிறார்கள். 4,20,000 பேர் இறக்கிறார்கள். அவர்களில் 1,25,000 பேர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். இது எங்கோ தொலைவில் நடக்கிற கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2023 செப்டம்பரில் நம் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுப் பெண் குழந்தை உயிரிழந்தாள். அடுத்த நாள் முதல் மாநிலம் எங்கும் சோதனை நடந்தது. கிலோ கணக்கில் இறைச்சியை எடுத்து அழித்தார்கள். நான் கேட்கிறேன்: அந்தச் சோதனை ஒரு மாதம் முன்னால் ஏன் நடக்கவில்லை? சாவு விழுந்த பிறகு ஓடுவதற்கு இருக்கிற ஆளும் வண்டியும், சாவு விழாமல் தடுப்பதற்கு ஏன் இருப்பதில்லை?

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1954ஆம் ஆண்டின் கலப்படத் தடைச் சட்டத்துக்குப் பதிலாக, உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006இல் வந்தது, 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறையில் இருக்கிறது. பாதுகாப்பற்ற உணவால் உயிர் போனால் ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம் என்கிறது அந்தச் சட்டம். இவ்வளவு கூர்மையான சட்டத்தைக் கையில் ஏந்தி நிற்பவர் யார்? உங்கள் வட்டாரத்தின் உணவுப் பாதுகாப்பு அலுவலர்.

அவருடைய ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். டீக்கடை, மெஸ், பேக்கரி, இறைச்சிக் கடை, திருமண மண்டபம், பள்ளிச் சத்துணவுக் கூடம், குடிநீர் கேன் நிறுவனம், எல்லாம் அவர் பொறுப்பு. புகார் வந்தால் ஓட வேண்டும். திருவிழா அன்னதானத்தைப் பார்க்க வேண்டும். மாதிரி எடுத்தால் அதை நான்கு பங்காக்கி, முத்திரையிட்டு, ஒரு பங்கைப் பகுப்பாய்வுக் கூடத்துக்கு அனுப்ப வேண்டும். 14 நாளுக்குள் அறிக்கை வர வேண்டும் என்பது சட்டம். அங்கே வேலை குவிந்து கிடந்து கெடு தவறினால், எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அதுவே வாதமாகிவிடும். அலுவலர் வெயிலில் அலைந்து எடுத்த மாதிரி, கூடத்தில் ஆள் இல்லாத காரணத்தால் வீணாகலாமா?

இங்கேதான் மானியத்தின் கதை தொடங்குகிறது. மாநிலங்களின் பரிசோதனைக் கூடங்களை வலுப்படுத்தவும், நடமாடும் பரிசோதனை வண்டிகள் கொடுக்கவும் 2016இல் மத்திய அரசு 481.95 கோடி ரூபாய் மதிப்பில் ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. நல்ல திட்டம், வரவேற்கிறேன். ஆனால் அடுத்த ஆண்டே, 2017இல், இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை என்ன சொன்னது? நாட்டின் 72 மாநில உணவுப் பரிசோதனைக் கூடங்களில் 65க்குத் தேசிய அங்கீகாரமே இல்லை என்றது. தகுதியான ஆட்கள் பற்றாக்குறை, இயங்கும் கருவிகள் பற்றாக்குறை, அதனால் பரிசோதனையும் அரைகுறை என்றது. அதற்குப் பின் நிலைமை முன்னேறியிருக்கிறது. ஆனாலும் அந்த அறிக்கை காட்டிய உண்மை மாறவில்லை. கருவி வாங்க ஒருமுறை பணம் கொடுத்தால் போதாது. அதை இயக்கும் பகுப்பாய்வாளருக்கு மாதச் சம்பளம் வேண்டும். வேதிப்பொருள் தீரத் தீர வாங்க வேண்டும். ஆண்டுதோறும் பராமரிக்க வேண்டும். இதற்கெல்லாம் பணம் இல்லையென்றால், கோடி ரூபாய் இயந்திரம் உறை மாட்டிக்கொண்டு மூலையில் நிற்கும்.

கூடம் ஒழுங்காக இயங்கினால் என்ன நடக்கும் என்பதையும் நாம் கண்ணால் பார்த்தோம். 2024 பிப்ரவரியில் புதுச்சேரியில் விற்ற பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி இருப்பது தெரியவந்தது. துணிக்கு ஏற்றுகிற சாயம் அது. உடனே சென்னைக் கடற்கரையில் விற்ற பஞ்சுமிட்டாயை எடுத்து அரசுக் கூடத்தில் சோதித்தார்கள். இங்கும் அதே சாயம். தமிழ்நாடு அரசு தடை விதித்தது. குழந்தையின் கையில் இருக்கும்போது அது இளஞ்சிவப்பாக, அழகாகத்தான் இருந்தது. அதை நஞ்சு என்று சொல்ல ஒரு கூடமும், ஒரு பகுப்பாய்வாளரும், ஓர் அறிக்கையும் தேவைப்பட்டன. அந்த மூன்றுக்கும் கொடுக்கிற பணம் செலவுக் கணக்கில் வராது, அது உயிர்க்காப்பு.

வெளிநாட்டில் உணவுச் சோதனையை எப்படிச் செய்கிறார்கள்? அமெரிக்காவில் உணவகங்களைச் சோதிப்பது பெரும்பாலும் மாநில, மாவட்ட, நகர நிர்வாகங்களின் பொறுப்பு. ஓரிரண்டு ஆய்வாளர்களை வைத்துக்கொண்டு சமாளிக்கிற சிறு மாவட்டங்களும் அங்கே உண்டு. மத்திய உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. அவர்களுக்காக ஒன்பது தரநிலைகளை வகுத்திருக்கிறது. விதிமுறை, ஊழியர் பயிற்சி, ஆய்வு முறை, எல்லாக் கடைக்கும் ஒரே அளவுகோல், நோய் பரவினால் துலக்கும் ஆயத்தம், சட்ட அமலாக்கம், வணிகரோடும் மக்களோடும் உறவு, ஆள்பலமும் வளமும், தன் பணியைத் தானே மதிப்பிடுவது என்று ஒன்பது. இந்தத் தரநிலைகளை எட்ட, தேசியச் சுற்றுச்சூழல் சுகாதாரச் சங்கம் என்ற அமைப்பின் வழியாக மானியம் தருகிறார்கள். முதல் வேலையாக, துறை தன் குறையைத் தானே எழுதிப் பார்க்க வேண்டும். பிறகு அந்தக் குறையைத் தீர்க்கத் திட்டம் போட வேண்டும். ஆய்வாளரைப் பயிற்சிக்கு அனுப்பவும் அதில் பணம் உண்டு. முன்னேறிய துறை இன்னொரு துறைக்குக் கைகொடுக்கவும் உண்டு. நான் போற்றுவது அந்த முறையை. குறை எது என்று கண்டபின் பணம் கொடுக்கிறார்கள், கொடுத்த பணத்தால் குறை தீர்ந்ததா என்று பார்க்கிறார்கள்.

நம்மால் முடியாதா? மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2021-22 தரவரிசையில் பெரிய மாநிலங்களில் முதலிடம் பிடித்தது தமிழ்நாடு. அந்த மாநிலத்தால் இது முடியும். உணவுக் கலப்படம் அரசியல் சட்டத்தின் பொதுப்பட்டியலில் இருக்கிறது. ஆகவே டெல்லிக்கும் கடமை உண்டு, கோட்டைக்கும் கடமை உண்டு. இரு அரசுகளிடமும் நான் நான்கு கோரிக்கைகளை வைக்கிறேன்.

ஒன்று, ஒவ்வொரு மாவட்டத்தின் உணவுப் பாதுகாப்பு அலுவலகமும் தன் நிலையைத் தானே மதிப்பிட்டு மக்கள் பார்வைக்கு வைக்கட்டும். எத்தனை கடைகள், எத்தனை அலுவலர்கள், எத்தனை மாதிரிகள், எத்தனை நாளில் அறிக்கை என்று வெளிப்படையாகச் சொல்லட்டும். மானியம் அந்தக் குறையைப் பார்த்து வரட்டும்.

இரண்டு, கருவிக்குப் பணம் ஒதுக்கும்போதே அதை இயக்கும் ஆளுக்கும், பராமரிப்புக்கும் ஆண்டுதோறும் ஒதுக்குங்கள்.

மூன்று, அலுவலரின் கையை வெறுங்கையாக விடாதீர்கள். சூட்டை அளக்கும் கருவி, திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயின் கேட்டை அந்த இடத்திலேயே காட்டும் கருவி, மாதிரியைக் குளிரில் கொண்டுசெல்லப் பெட்டி, போக வண்டி, ஆண்டுதோறும் பயிற்சி, இவற்றைக் கொடுங்கள்.

நான்கு, அபராத வசூலை நம்பித் துறையை நடத்தும் எண்ணம் யாருக்கும் வரக்கூடாது. அப்படி வந்தால் முதலில் நசுங்குவது தள்ளுவண்டிக்காரர்தான். அந்த எளியவருக்குக் குழாய்த் தண்ணீரும், சாக்கடை வசதியும், பயிற்சியும் கொடுத்துவிட்டுப் பிறகு சட்டம் பேசுங்கள். நூறு உணவு வீதிகளைச் சீரமைக்க வீதிக்கு ஒரு கோடி ரூபாய் தரும் மத்திய அரசின் திட்டம் சரியான பாதை. அது சிற்றூர்ச் சந்தைகளுக்கும் வர வேண்டும்.

பெரியோர்களே, தாய்மார்களே! பாலத்துக்கும் சாலைக்கும் மனுக் கொடுக்கிறோம். கிராம சபையில் தெருவிளக்கு கேட்கிறோம். இனிமேல் இதையும் கேளுங்கள். வாக்குக் கேட்டு வருகிறவரிடம், எங்கள் மாவட்டத்தில் உணவுப் பாதுகாப்பு அலுவலர் பணியிடம் எத்தனை காலியாக இருக்கிறது, எப்போது நிரப்புவீர்கள் என்று கேளுங்கள். சட்டத்தின் 40ஆம் பிரிவு, கட்டணம் செலுத்தி உணவைப் பகுப்பாய்வுக்குக் கொடுக்கும் உரிமையை வாங்குகிற உங்களுக்கே தந்திருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள். வருகிற நிதிநிலை அறிக்கையில் இந்தத் துறைக்கு உரிய தொகை ஒதுக்கப்படும்வரை குரல் கொடுங்கள்.