மஞ்சள் துளிர் சொன்ன சேதி

சீனப் புத்தாண்டு வந்தால் நம் வீடுகளிலும் மாண்டரின் ஆரஞ்சு வந்துவிடும். இரண்டு கொடுத்து இரண்டு வாங்கி வருவோம். அந்தப் பழத்துக்குப் பேர்போன இடங்களில் ஒன்று தென்சீனாவின் சுவாத்தாவ் வட்டாரம். இங்குள்ள தியோச்சியூ மக்களின் பூர்வீகம் அது. அந்தத் தோட்டங்களில் ஆய்வு நடத்திய லின் கோங்ஸியாங் என்ற அறிஞரைப் பற்றியே இன்று பேச வந்தேன்.

அங்கே மரங்களுக்கு ஒரு நோய். பச்சை மரத்தில் ஒரு கிளையின் துளிர் மட்டும் மஞ்சளாகும். பிறகு மரம் முழுக்கப் பரவும். காய் கோணலாகும், கசக்கும், பழுத்தாலும் அடிப்பகுதி பச்சையாகவே நிற்கும். சில ஆண்டுகளில் மரம் போய்விடும். விவசாயிகள் ஹுவாங்லோங்பிங் என்றார்கள். மஞ்சள் டிராகன் நோய் என்று பலர் மொழிபெயர்ப்பதுண்டு. அவ்வட்டார வழக்கில் ‘லோங்’ என்றால் துளிர். மஞ்சள் துளிர் நோய், அவ்வளவுதான்!

தண்ணீர் தேங்குவதால் என்றார்கள் சிலர். சத்துக் குறைவு, நூற்புழு, பூஞ்சணம் என்று ஆளுக்கொரு காரணம். 1941 முதல் 1955 வரை லின் இவற்றையெல்லாம் ஆராய்ந்தார். நோயுற்ற மரத்தின் மொட்டை எடுத்து நல்ல கன்றில் ஒட்டுக் கட்டினார். கன்றுக்கும் நோய் வந்தது. சத்துக் குறைவு மொட்டு வழியாகப் போகுமா? போகாது. ஆகவே இது தொற்று. நோயில்லாத மரத்திலிருந்துதான் கன்று எடுக்க வேண்டும் என்பது தெளிவாயிற்று.

1956ல் இதைச் சீன மொழியில் வெளியிட்டார். மேலைநாட்டார் அதை அதிகம் படிக்கவில்லை. 1965ல் தென்னாப்பிரிக்காவில், பூச்சியும் இதைப் பரப்புகிறது என்று நிரூபித்தபோதுதான் பலர் நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஆனாலும் 1995ல் சீனாவின் பூச்சோவ் நகரில் கூடிய அனைத்துலக மாநாடு, விவசாயிகள் வைத்த ஹுவாங்லோங்பிங் என்ற பெயரையே ஏற்றுக்கொண்டது.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 2005ல் இந்நோய் தென்பட்டது. 2003-04 பருவத்தில் 24 கோடிப் பெட்டிக்கு மேல் ஆரஞ்சு விளைந்த மாநிலம் அது. புயல்களும் சேர்ந்துகொள்ள, 2023-24ல் 2 கோடிப் பெட்டிகூட விளையவில்லை. நோய் கண்ட மரத்தைக் குணமாக்க மருந்தில்லை.

நமக்கும் ஒரு சேதி உண்டு. நோயைப் பரப்பும் எள்ளளவு பூச்சி, கறிவேப்பிலைச் செடியிலும் முட்டையிடும். ஊரிலிருந்து பச்சைக் கறிவேப்பிலை கொண்டுபோனால் சில நாடுகளின் விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்கிறார்களே, காரணம் இதுதான்.