கையில் தொழில், சீட்டில் கையாள்

(நெல்லையில் கட்டுமானத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)

தோழர்களே, பாளையங்கோட்டையில் ஒரு கடைக்கு ஜிப்சம் போர்டு தடுப்பு அடிக்கும் தம்பியோடு பேசினேன். மேலும் கீழும் சேனல் அடித்து, ரெண்டடிக்கு ஒன்று நிறுத்தி, போர்டை ஸ்குரூ போட்டு முடுக்கி, இணைப்பில் டேப் ஒட்டிப் பூசுகிறான். பத்து வருஷத் தொழில். கூலிச் சீட்டில் மட்டும் 'கையாள்'. மேஸ்திரிக்குச் சொந்தக்காரன் ஒரே வருஷத்தில் தொழிலாளி ஆகிறான். சேரிப் பையன் கடைசிவரை கையாள். சித்தாள் பெண்களுக்கு அந்தப் பேச்சே கிடையாது.

கேட்டால், 'சான்றிதழ் இருக்கா'ங்கான். நமக்குப் பிறக்கும்போதே எழுதிவைத்த சான்றிதழ் ஒண்ணுதான், சாதி.

கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் 1994இல் வந்தது. அந்த அட்டை நீ தொழிலாளி என்று சொல்லும். உனக்கு என்ன தெரியும் என்று சொல்லாது. வேலை தெரிந்தவரைச் சோதித்துச் சான்று தரும் முறை, 2015இல் வந்த பிரதமரின் திறன் திட்டத்திலும் சேர்ந்தது. ரெண்டையும் வாங்குவோம்.

ஆனால் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டவா? குறைந்தபட்சக் கூலி வேலையின் தரம் பார்த்து நிர்ணயமாகிறது. சீட்டில் கையாள் என்றால் கையாள் கூலிதான். ஆகவே சான்று வந்த மறுநாளே சீட்டில் அந்தச் சொல்லை அடிக்கணும். தனியாப் போனா வேலை போயிரும். சேர்ந்து போவோம்.