வேட்பாளரும் வீட்டாரின் வேலையும்



மேலவளவு ஈகியரின் நினைவுக் கூட்டம் என்றாலே 1997 ஜூன் 30 அன்று பேருந்தில் நடந்ததைத்தான் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் அந்த நாளுக்கு முந்தைய ஒன்பது மாதங்களைப் பற்றி நாம் குறைவாகவே பேசியிருக்கிறோம். இன்று அதை எடுத்துக்கொள்கிறோம்.

1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் வந்த பிறகு 1996 அக்டோபரில்தான் முதல் உள்ளாட்சித் தேர்தல். மேலூரை ஒட்டிய மேலவளவு தனி ஊராட்சி ஆனது. தலித்துகள் மனு போடப் போகிறார்கள் என்றதும் ஊரிலிருந்து மிரட்டல் வந்தது. வயல் வேலை கிடையாது, மாடு மேய்க்க இடம் கிடையாது, பட்டா நிலத்துக் கிணற்றில் தண்ணீர் கிடையாது. அதற்குப் பிறகும் மனு போட்டார்கள். வீடுகள் எரிந்தன, மனுக்கள் திரும்பின, தேர்தல் நின்றது. டிசம்பர் 28இல் மறுபடி நடத்தியபோது வாக்குப்பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். 31ஆம் தேதி போலீஸ் காவலில் நடந்த தேர்தலில் முருகேசன் தலைவரானார்.

அந்த முதல் மிரட்டலைக் கவனியுங்கள். மனு போடுகிறவர் ஒருவர். ஆனால் வயலுக்கு நடவு நடப் போவது அவருடைய அக்கா, மதனி, மாமியார். மாட்டை ஓட்டிப் போவது அப்பா. தண்ணீர் எடுக்கப் போவது மனைவி. தேர்தலில் நிற்பவரைத் தொடாமலே அவரை உட்கார வைக்க முடியும் என்பது ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். நமக்குத்தான் அது அவ்வளவாக உறைக்கவில்லை. வேட்பாளருக்குப் பாதுகாப்புக் கேட்டு மனுக் கொடுக்கிறோம். அவருடைய மதனிக்கு மறுநாள் வேலை உண்டா என்று கேட்பதில்லை.

இதே கூலிக்கு இன்னொரு முகமும் உண்டு. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 2006 வரை தலைவர் பதவி ஒழுங்காக நிரம்பவில்லை. சில முறை மனுவே வரவில்லை. சில முறை ஊரார் தாங்களே ஒரு தலித்தை நிறுத்தி, ஜெயிக்க வைத்து, பதவியேற்ற கையோடு ராஜினாமா செய்ய வைத்தார்கள். அப்படி நின்றவரை நம்மில் பலர் திட்டியிருக்கிறோம். அவர் யாருடைய நிலத்தில் வேலை செய்தார், அவர் வீட்டில் எத்தனை பேருக்கு அந்த நிலம்தான் சோறு என்று விசாரித்துவிட்டுத் திட்டியிருந்தால் நியாயம்.

இப்போது வயல் வேலை குறைந்துவிட்டது, அதனால் இந்தப் பிடியும் தளர்ந்துவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். நாங்கள் அப்படிப் பார்க்கவில்லை. தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவர், தூய்மைக் காவலர், நூறு நாள் வேலையின் பணித்தளப் பொறுப்பாளர் ஆகியோரின் பிழைப்பு பெரும்பாலும் ஊராட்சியில் யார் கை ஓங்கியிருக்கிறதோ அவர் தயவில்தான் இருக்கிறது. வயலுக்குப் பதில் மில் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம். தம்பி பொது வார்டில் நின்றார். தனி வார்டில் நின்றிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பார்கள், பொது வார்டு என்பதுதான் குற்றம். அக்கா நூற்பாலையில் வேலை செய்தார். மனு போட்ட மூன்றாம் நாள், காலனிக்குள் வந்து ஆள் ஏற்றும் மில் வேன் மெயின் ரோட்டோடு நின்றது. வேன்காரரின் அண்ணன் அதே வார்டில் எதிர் வேட்பாளர். ஒரு வாரத்தில் ரோட்டிலும் வேன் நிற்கவில்லை. பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தால் ஷிப்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள். பிறகு சூப்பர்வைசர், "நாளையிலிருந்து வர வேண்டாம்மா" என்றார். எழுத்தில் ஒன்றும் தரவில்லை.

எழுத்தில் ஒன்றும் இல்லாததுதான் இதன் பலம். இதை 1930இலேயே அண்ணல் அம்பேத்கர் கண்டுகொண்டார். வட்டமேசை மாநாட்டில் அவரும் நம் இரட்டைமலை சீனிவாசனும் கையெழுத்திட்டுக் கொடுத்த பாதுகாப்புத் திட்டத்தில், பகிஷ்காரத்தைத் தனிக் குற்றமாக்கச் சொன்னார்கள். 1922ஆம் ஆண்டு பர்மாவின் பகிஷ்கார எதிர்ப்புச் சட்டத்திலிருந்து வாசகத்தை எடுத்திருந்தார்கள். ஒருவரோடு வியாபாரம் செய்ய மறுப்பது, கூலிக்கு வேலை செய்ய மறுப்பது, வழக்கமான முறையில் கொடுக்கல் வாங்கலுக்கு மறுப்பது எல்லாம் அதில் குற்றம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் வந்து 2016 ஜனவரி 26 முதல் நடப்பில் உள்ள திருத்தத்தை எடுத்துப் பாருங்கள். பொருளாதாரப் புறக்கணிப்புக்கு அதிலுள்ள வரையறை கிட்டத்தட்ட அதே வாசகம். 85 ஆண்டு தாமதம்.

மாணவர்கள் இரண்டு பிரிவுகளை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். 3(1)(l): மனு போடாமல் தடுப்பதும், போட்ட மனுவைத் திரும்பப் பெற வைப்பதும், தலித் வேட்பாளரை முன்மொழிய விடாமல் மிரட்டுவதும் குற்றம். முன்மொழிகிறவர் பெரும்பாலும் சொந்தக்காரராகத்தான் இருப்பார் என்பதை நினைவில் வையுங்கள். 3(1)(zc): ஒரு நபரையோ குடும்பத்தையோ குழுவையோ புறக்கணிப்பதும், புறக்கணிப்பதாக மிரட்டுவதும் குற்றம். 'குடும்பம்' என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் புகார் எழுதும்போது நம் ஆட்களே வேட்பாளர் பெயரை மட்டும் எழுதி, வேலை இழந்தவரைச் சாட்சியாக்கிவிடுகிறார்கள். அவர் பாதிக்கப்பட்டவர். அப்படித்தான் எழுத வேண்டும்.

அரசு வேலையில் இருப்பவர்களிடம் வேறு மாதிரி வரும். மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளில், ஊழியர் தேர்தலில் நிற்கக் கூடாது, ஆதரவு திரட்டக் கூடாது. மனைவி நிற்பதற்குத் தடையில்லை. ஆனால் ஊழியர் தன் உடம்பிலோ வண்டியிலோ குடியிருப்பிலோ தேர்தல் சின்னத்தைக் காட்டினால் செல்வாக்கைப் பயன்படுத்தியதாக ஆகும். வேட்பாளரான மனைவி குடியிருப்பதும் அதே வீடுதானே! சுவரில் ஒட்டிய ஒரு சின்னம் போதும், மெமோ வந்துவிடும். எனவே அந்த வீட்டுச் சுவரை விட்டுவிடுங்கள், ஒட்டுவதற்குக் காலனியில் வேறு சுவர்கள் இருக்கின்றன.

அடுத்த உள்ளாட்சித் தேர்தலுக்கு எங்கள் அமைப்பு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு தொடங்குகிறது. மனு போடுவதற்கு முன்பே அந்த வீட்டில் யார் யார் எங்கே வேலை செய்கிறார்கள், எத்தனை நாளாக, கூலி எவ்வளவு என்று எழுதிவிடுவது. சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை, நூறு நாள் வேலை அட்டை, பாஸ்புக் பக்கம் எல்லாவற்றையும் படம் எடுத்து வைப்பது. மனுத் தாக்கலுக்குப் பிறகு என்ன மாறியது என்று தேதி போட்டுக் குறிப்பது. யார் சொன்னார்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதை அன்று இரவே எழுதுவது. வேலை போன வாரத்தில் அந்த வீட்டுக்கு அரிசி போய்ச் சேர வேண்டும். அது இல்லாமல் எந்த வழக்கும் நிற்காது, இரண்டாவது வாரமே சமரசத்துக்குக் கூப்பிடுவார்கள்.

நூற்பாலை அக்காவின் புகாருக்கு இதுவரை மனு ரசீதுதான் கிடைத்திருக்கிறது, எஃப்.ஐ.ஆர். இல்லை. பூர்வாங்க விசாரணை முடியட்டும் என்கிறார்கள். இந்தச் சட்டத்தில் எஃப்.ஐ.ஆர். போட அப்படியொரு விசாரணை தேவையில்லை என்று 2018ஆம் ஆண்டுத் திருத்தம், பிரிவு 18ஏ, சொல்கிறது. அதன் நகலோடு வரும் திங்கட்கிழமை டி.எஸ்.பி. அலுவலகம் போகிறோம். சட்டம் படிக்கும் மாணவர்கள் இரண்டு பேர் எங்களோடு வர முடிந்தால் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள்.