ஓலை வாசிக்கும் வேளையில்



ஜூபிலி ஆண்டில் உண்மையைப் பற்றிப் பேசும்படி பங்குப் பேரவையினர் நம்மைக் கேட்டனர். நம் கோயிலில் வழக்கமாக நடப்பதையே எடுத்துக்கொள்வோம்.

திருமண ஓலை வாசிக்கிறோம். தடை அறிந்தவர்கள் பங்குக் குருவிடம் சொல்ல வேண்டும் என்று முடிக்கிறோம். 1215-ம் ஆண்டு லாத்தரன் பொதுச்சங்கம் விதித்தது இது. 1563-ல் திரிதெந்துப் பொதுச்சங்கம் மூன்று முறை வாசிக்கவும், திருமணத்தைப் பதிவேட்டில் எழுதவும் பணித்தது. காரணம், இரகசியத் திருமணங்கள். ஒருத்தியை மறைவில் மணந்தவன் அவளைக் கைவிட்டு, வேறொருத்தியை ஊரறிய மணந்துகொள்வான். முதல் பெண்ணுக்குச் சாட்சி கிடையாது. அவளைப் போன்றவர்களைக் காக்கத்தான் திருச்சபை ஊரார் முன்னிலையில் உண்மையைக் கேட்டது. நாமோ, ஓலை வாசிக்கத் தொடங்கியதும் செருப்பைத் தேடிப் புறப்பட்டுவிடுகிறோம்!

இளங்குருவாக வேறொரு பங்கில் இருந்தபோது, வெளியூரிலிருந்து ஒரு தகப்பனார் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வந்தார். பையன் குடிப்பான் என்பது நமக்குத் தெரியும்; கோயிற்பிள்ளைக்கும் தெரியும்; தெருவுக்கே தெரியும். குடி, சட்டப்படி திருமணத் தடையல்ல என்று மனத்துக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டு, "நல்ல குடும்பம்" என்றோம். அது பொய்யுமல்ல, குடும்பம் நல்ல குடும்பம்தான். குருமடத்தில் படித்த தர்க்க சாஸ்திரம் இதற்கா உதவ வேண்டும்? இரண்டு ஆண்டு கழித்து அந்தப் பெண் கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பினாள். பெரியவர் மறுபடி வந்தார். "சாமி, உங்க வார்த்தையை நம்பித்தானே கொடுத்தேன்" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நமக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

ஞானஸ்நானப் பதிவேட்டிலுள்ள பிறந்த தேதியைக் கொஞ்சம் தள்ளி எழுதித் தரும்படி கேட்டு வருகிறவர்களிடம் நாம் கடுகடுப்பதாகச் சிலருக்கு மனத்தாங்கல் உண்டு. காரணம் இப்போது விளங்கியிருக்கும். தள்ளிய தேதியால் ஒருவருக்கு வேலை கிடைத்தால், வரிசையில் நின்ற இன்னொருவர் அதை இழக்கிறார். அவர் முகம் மட்டும் நமக்குத் தெரிவதில்லை.

இன்னொன்று. இந்த விழாவுக்கு வரவைவிடச் செலவு மிஞ்சிவிட்டது. கொடிமரத்துக்கு வண்ணம் பூசியவருக்கு இன்னும் பாக்கி. விருந்தினர் வரும் நாளில் இதையெல்லாம் சொல்ல வேண்டாமே என்றார் ஒரு நல்ல மனிதர். கணக்கைக் கோயில் வாசலில் ஒட்டியிருக்கிறோம். ரசீதுகள் மேசைமேல் இருக்கின்றன. பூசை முடிந்ததும் யாரும் வந்து பார்க்கலாம்.