வாலிபர் மனநலமும் நம் கடமையும்
(அயோத்தியாப்பட்டணம் சங்கக் கூட்டத்திற் செய்த பிரசங்கம்)



தேகத்துக்கு நோய் வந்தால் உடனே சேலத்துக்கு ஓடுகிறோம். பிள்ளையின் மனம் நலிந்தாலோ கதவைச் சாத்திக்கொண்டு, மந்திரிப்பதிலும் கயிறு கட்டுவதிலும் மாதங்களைக் கழிக்கிறோம்.

பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையத்தார் 2015-16-இல் ஆராய்ந்தபோது, 13 முதல் 17 வயதுள்ளோரில் 100-க்கு 7 பேருக்குச் சற்று மேலாக மனோவியாதி காணப்பட்டது. வியாதியுற்றோரில் மிகப் பெரும்பாலோர் சிகிச்சையே பெறவில்லை. மறைத்து வைப்பதன் கொடுமையை 6-8-2001 அன்று ஏர்வாடியில் கண்டோம். சங்கிலியிற் பிணைத்திருந்தோர் தப்ப வகையின்றி, 28 பேர் தீக்கிரையாயினர்.

2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டம் சங்கிலியிடுவதை விலக்கி, சர்க்கார் சிகிச்சையை உரிமையாக்கிற்று. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸில், 14416 என்ற எண்ணில், இரவும் பகலும் இலவசமாக ஆலோசனை கேட்கலாம்.

இவ்வளவு இருந்தும் ஏன் ஒளிக்கிறோம்? “பெண் கொடுக்கமாட்டார்களே, பெண் எடுக்கமாட்டார்களே” என்னும் அச்சமே காரணம். அவ்வச்சத்தை விளைப்பவர் அன்னியரல்லர். வரன் விசாரிக்கும் நாமே. ஆதலின், வைத்தியம் பார்த்த குடும்பத்தை இழித்துப் பேசோமென்று இச்சபையில் இன்றே தீர்மானிப்போமாக. காலத்தில் சிகிச்சை பெற்றால் தேறக்கூடிய பிள்ளைகளை, நம் நாவுக்கு அஞ்சி இழக்கலாகாது.